பிள்ளையார்பட்டியில் இருந்து பார்த்தால்... ஒரு புத்தக வருஷம் எப்படி ஓடுது?

டிசம்பர் கடைசி வாரம் வந்துட்டா போதும், உங்க போன்ல ஒரு பட்டியல் தவறாம வந்து நிக்கும். ‘இந்த ஆண்டின் சிறந்த 10 புத்தகங்கள்.’ ஸ்க்ரீன்ஷாட் எடுப்பீங்க. பொங்கல் லீவுல படிக்கலாம்னு நினைப்பீங்க. பொங்கல் போயிடும். ஸ்க்ரீன்ஷாட்டும் கேலரிக்கு அடியில எங்கேயோ போயிடும்.

தப்பு உங்க மேல மட்டும் இல்லை. அந்தப் பட்டியலில் பெயர்கள்தான் இருக்கும். அந்தப் புத்தகம் ஏன் இப்போ பேசப்படுது, யார் அதைத் தேர்ந்தெடுத்தாங்க, பத்து வருஷத்துக்கு முந்தின நாவல் திடீர்னு ஏன் செய்தியில வருது என்பதெல்லாம் இருக்காது. இது தெரிஞ்சுட்டா அதே பட்டியல் வேற மாதிரி தெரியும். எதை வாங்கணும், எதை நூலகத்தில் எடுத்துப் படிக்கணும், எதை விட்டுடலாம்னு நீங்களே முடிவு பண்ணலாம்.

அதுக்கு ஒரு முழு வருஷத்தை எடுத்துப்போம். 2023. விருது, விழா, சினிமா, அருங்காட்சியகம், நூலகம்னு எல்லாமே நடந்த வருஷம் அது. பார்க்கப்போற இடம் சென்னை இல்லை. சிவகங்கை மாவட்டம் பிள்ளையார்பட்டி.

ஏன் பிள்ளையார்பட்டி?

எதை எழுத உட்கார்ந்தாலும் முதல்ல ஒரு பிள்ளையார் சுழி போடுறது நம்ம ஊர்ப் பழக்கம். வியாசர் சொல்லச் சொல்ல, தன் தந்தத்தை ஒடிச்சு பாரதத்தை எழுதினவர் விநாயகர்னு புராணம் சொல்லுது. அந்தப் பிள்ளையார், குன்றைக் குடைந்த கோயிலில் இரண்டு கைகளோடும் வலம்புரித் துதிக்கையோடும் கற்பக விநாயகராக உட்கார்ந்திருக்கும் ஊர் இது. கோயிலுக்கு வந்தவங்க பெரும்பாலும் தரிசனம் முடிச்சு, பிரசாதம் வாங்கி, காரைக்குடியில் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிடுவாங்க. கொஞ்சம் நின்னு சுத்திப் பார்த்தா, இந்த வட்டாரமே ஒரு புத்தக அலமாரி மாதிரி இருக்கும்.

பக்கத்து ஊர் குன்றக்குடி. தமிழ்நாட்டின் பட்டிமன்ற மேடைகளில் நடுவராக உட்கார்ந்த குன்றக்குடி அடிகளாரின் மடம் அங்கேதான். கொஞ்ச தூரத்தில் சிறுகூடல்பட்டி. கவிஞர் கண்ணதாசன் 1927-ல் பிறந்த ஊர். திருப்பத்தூர் பக்கம் போனால் மகிபாலன்பட்டி. சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் ஊர்னு சொல்லப்படுவது. காரைக்குடிக்கு 1919-ல் பாரதியார் வந்தார். அங்கே இருந்த இந்து மதாபிமான சங்கத்தைப் பாடினார். இன்னைக்கு நாம டி-ஷர்ட்டில் போடுற பாரதி படங்களில் சில, அந்தப் பயணத்தின்போது காரைக்குடியில் எடுத்தவை.

எழுதினவங்க மட்டும் இல்லை, அச்சடிச்சு வித்தவங்களும் இந்த மண்ணில் இருந்து போனாங்க. வானதி பதிப்பகத்தைத் தொடங்கிய திருநாவுக்கரசு தேவகோட்டைக்காரர். ‘தமிழ்ப்பண்ணை’ நடத்திய சின்ன அண்ணாமலையும், ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணனும் அதே ஊர். கப்பல் ஏறி வட்டித் தொழில் செய்யப் போன சமூகத்தில் ஒரு பகுதி, பட்டணத்துக்கு வந்து புத்தகத்தில் முதல் போட்டது. சென்னைப் பதிப்பகங்களின் வரலாற்றை எழுதினால் அதில் பாதி ஊர்ப் பெயர்கள் செட்டிநாட்டுப் பெயர்களாகத்தான் இருக்கும்.

இப்போ காலண்டரைத் திருப்புவோம்.

ஜனவரி: ஏன் எல்லாப் புத்தகமும் தை மாசமே வருது?

தமிழில் புதுப் புத்தகங்களின் பெருவெள்ளம் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும்தான். காரணம் சிம்பிள். பொங்கல் விடுமுறை, கையில் கொஞ்சம் பணம், அதோடு சென்னைப் புத்தகக் கண்காட்சி. 1977-ல் அண்ணா சாலையில் ஒரு பள்ளி வளாகத்தில் சின்னதாகத் தொடங்கிய கண்காட்சி அது. 2023-ல் 46-வது ஆண்டு; ஜனவரி 6 முதல் 22 வரை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்தது. எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் இதுதான் பரீட்சை தேதி. ‘கண்காட்சிக்குள்ள கொண்டு வந்துடணும்’ என்பதுதான் அக்டோபரில் இருந்து அச்சகங்களில் கேட்கும் பேச்சு.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. ஒரே மாதத்தில் நூற்றுக்கணக்கான தலைப்புகள் வரும்போது, ஒரு புதுப் புத்தகத்துக்குக் கிடைக்கும் கவனம் இரண்டு மூன்று வாரம்தான். அதுக்குள்ள யாராவது கையில் எடுத்து, படிச்சு, நாலு பேர்கிட்ட சொல்லணும். இல்லைன்னா அது அடுத்த ஜனவரி வரைக்கும் குடோனில் தூங்கும். கவிதை, சிறுகதை மாதிரியான நூல்கள் பல சில நூறு பிரதிகள்தான் அச்சாகுது. தேவைக்கு ஏற்ப அச்சடிக்கும் முறை வந்த பிறகு ஆரம்பத்தில் போடுற எண்ணிக்கை இன்னும் குறைஞ்சிடுச்சு. ஆகவே நீங்க வாங்குற ஒரு பிரதிக்கு, நீங்க நினைக்கிறதைவிட அதிக எடை உண்டு.

அந்த ஜனவரியில் புதுசா ஒண்ணும் நடந்தது. 16 முதல் 18 வரை சென்னையில் முதல் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி. பேர் ஒரே மாதிரி இருந்தாலும் இது வேற விஷயம். இங்கே நீங்க போய் புத்தகம் வாங்குறது முக்கியம் இல்லை. ஒரு தமிழ் நாவலை மலாயிலோ அரபியிலோ வெளியிடும் உரிமை யாருக்கு என்று பதிப்பாளர்கள் மேசை போட்டுப் பேசுற சந்தை இது. ஒரு மொழியின் புத்தகம் இன்னொரு மொழிக்குப் போகணும்னா இப்படி யாராவது உட்கார்ந்து கையெழுத்துப் போடணும். முதல் வருஷமே முந்நூறுக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் பேசப்பட்டன.

அதே பருவத்தில் அரசு நடத்திய இலக்கியத் திருவிழாக்களுக்கு ஆறுகளின் பெயரை வெச்சாங்க. திருநெல்வேலிக்குப் பொருநை, மதுரைக்கு வைகை, தஞ்சைக்குக் காவிரி, கோவைக்குச் சிறுவாணி. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்களும் பரவ ஆரம்பிச்சாச்சு. பிள்ளையார்பட்டியில் இருக்கிறவருக்கு இதோட அர்த்தம் எளிது: புத்தகம் வாங்கச் சென்னைக்கு ரயில் ஏறணும்கிற கட்டாயம் குறைஞ்சது.

மார்ச்: டெல்லியில் விருது, திருப்பத்தூரில் கதை

2022-ம் ஆண்டுக்கான தமிழ் சாகித்ய அகாடமி விருது டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, 2023 மார்ச்சில் டெல்லியில் வழங்கப்பட்டது. வாங்கியவர் மு. ராஜேந்திரன். நூல், ‘காலா பாணி’ என்ற வரலாற்று நாவல்.

இந்தச் செய்தியைப் பலரும் ஒரு வரியில் படிச்சுட்டுப் போயிருப்பாங்க. ஆனா, நீங்க பிள்ளையார்பட்டி பஸ் ஸ்டாப்பில் நிக்கிறவர்னா இது உங்க வீட்டுக் கதை. இங்கிருந்து சின்ன பஸ் பயணத்தில் வரும் திருப்பத்தூரில்தான் 1801 அக்டோபர் 24-ம் தேதி மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டாங்க. அதுவரைக்கும் நமக்குப் பாடப்புத்தகத்தில் தெரியும். அதுக்கு அப்புறம் என்ன ஆச்சு? சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவர், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலில் ஏற்றி பினாங்குக்கு நாடு கடத்தியது. துரைசாமிக்கு அப்போ பதின்ம வயது. அந்தக் கடல் பயணத்தைப் பற்றியதுதான் ‘காலா பாணி’. ‘கறுப்புத் தண்ணீர்’ என்று பொருள். நாடு கடத்தலுக்கு வடக்கே வழங்கிய பெயர். இதே ஆசிரியரின் ‘1801’ நாவலுக்கு இது தொடர்ச்சி.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போற வழியில், திருப்பத்தூர் ஊர்ப்பலகையை ஆயிரம் தடவை பார்த்திருப்பீங்க. அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் கதை டெல்லியில் விருது வாங்குது. நம்ம பக்கத்தில் எத்தனை பேர் படிச்சிருப்போம்? இந்தக் கேள்வியை அப்படியே வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

இங்கே ஒரு விதியைத் தெரிஞ்சுக்கணும். சாகித்ய அகாடமி விருது என்பது அந்த வருஷம் வெளியான புத்தகத்துக்குத் தரப்படுவது இல்லை. 2023-ம் ஆண்டு விருதுக்கு, 2017 ஜனவரி முதல் 2021 டிசம்பர் வரை முதல் பதிப்பாக வந்த நூல்களைத்தான் பார்த்தாங்க. அதாவது விருது ஆண்டுக்கு முந்தின வருஷத்து நூல் கணக்கிலேயே இல்லை. ஆகவே விருதுச் செய்தி வரும்போது ‘இது புதுசாச்சே, நான் கேள்விப்பட்டதே இல்லையே’னு தயங்க வேண்டாம். அது ஏற்கெனவே சில வருஷமா கடையில் இருந்த புத்தகம். நாமதான் கவனிக்கலை.

மார்ச்: மண்ணுக்கு அடியில் ஒரு பெயர்

மார்ச் 5-ம் தேதி கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கீழடியும் சிவகங்கை மாவட்டம்தான். மதுரையை ஒட்டிய ஓரத்தில் இருக்கு. கட்டடத்தைச் செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் முற்றம், தூண்களோடு கட்டியிருக்காங்க. காரைக்குடிப் பக்கத்துக்காரங்க உள்ளே போனா ஏதோ சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

அருங்காட்சியகத்துக்கும் புத்தக வருஷத்துக்கும் என்ன சம்பந்தம்? கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் கீறப்பட்ட பெயர்கள் இருக்கு. அதில் ஒண்ணு ‘ஆதன்’. யாரோ ஒருத்தர் தன் பானையில் எழுதி வெச்ச பெயர்.

அந்தப் பெயர் நேராக ஒரு சிறுவர் நாவலுக்குள் நுழைஞ்சுது. உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’, கீழடியைக் களமாக வெச்ச கதை. 2023 ஜூனில் அதுக்கு பால சாகித்ய புரஸ்கார் அறிவிக்கப்பட்டது. மார்ச்சில் அருங்காட்சியகம், ஜூனில் அதே மண்ணைப் பற்றிய கதைக்கு விருது. வீட்டில் அஞ்சாவது, ஆறாவது படிக்கிற தம்பி தங்கச்சி இருந்தா, முதல்ல புத்தகத்தைக் கொடுத்துட்டு அப்புறம் கீழடிக்குக் கூட்டிட்டுப் போங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கும் பானை ஓடு அவங்களுக்கு வெறும் ஓடாகத் தெரியாது.

அதே மார்ச்சில்: பத்து வருஷம் நடந்த ஒரு நாவல்

மார்ச் மாதம் இன்னும் இரண்டு செய்திகள் வந்தன. சிவசங்கரியின் ‘சூரிய வம்சம்’ என்ற தன்வரலாற்று நூலுக்கு சரஸ்வதி சம்மான். பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு, சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில்.

இரண்டாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஒரு புத்தகம் எப்படிப் பயணம் பண்ணுதுன்னு அது காட்டும். ‘பூக்குழி’ தமிழில் வந்தது 2013-ல். சாதி மாறிக் கல்யாணம் பண்ணிக்கிட்ட ஒரு இளம் ஜோடி, பையனின் ஊருக்கு வர்றாங்க. அதுக்கப்புறம் அந்த ஊர் என்ன செய்யுது என்பதுதான் கதை. அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்த்த ஆங்கில நூல் இந்தியாவில் 2016-ல் வந்தது. பிரிட்டனில் 2022-ல் வெளியானது. அங்கே வெளியான நூல்களைத்தான் புக்கர் நடுவர்கள் பார்ப்பாங்க என்பதால் 2023-ல் பட்டியலுக்கு வந்தது. கணக்குப் போட்டா பத்து வருஷம்.

நவம்பரில் அதே எழுத்தாளருக்கு இன்னொரு செய்தி. ‘ஆளண்டாப் பட்சி’ நாவலை ஜனனி கண்ணன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த நூலுக்கு ஜே.சி.பி. இலக்கியப் பரிசு. எழுத்தாளருக்கு 25 லட்சம், மொழிபெயர்ப்பாளருக்கு 10 லட்சம். கூட்டுக் குடும்பத்தில் இருந்து பிரிஞ்சு, சொந்தமாக நிலம் தேடிப் போகும் ஒரு விவசாயியின் கதை அது. தமிழில் முதலில் வந்தது 2012-ல்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கு. ஆங்கிலத்தில் பரிசு வாங்கினதும் நாம ஆன்லைனில் தேடுறோம். ஆனா அந்தப் புத்தகம் தமிழில், குறைந்த விலையில், எந்த மொழிபெயர்ப்பும் தேவைப்படாத நமக்காகவே பத்து வருஷமாக இருந்திருக்கு. உலகமே ரெண்டாவது கையில் படிக்கிறதை முதல் கையில் படிக்கிற வசதி நமக்கு மட்டும்தான் உண்டு.

பங்குனி: ரிலீஸே இல்லாத இலக்கிய விழா

ஏப்ரல் முதல் வாரம், பங்குனி உத்திரத்தை ஒட்டிக் காரைக்குடியில் கம்பன் விழா. இதில் புதுப் புத்தகம் மையம் இல்லை, விருதுப் போட்டி இல்லை. பல நூற்றாண்டுக்கு முன்னால் எழுதப்பட்ட ஒரு காவியத்தைப் பற்றி நாலு நாள் பேசுவாங்க, கேட்பாங்க.

காரைக்குடிக் கம்பன் கழகம் 1939-ல் தொடங்கியது. தொடங்கியவர் சா. கணேசன். விடுதலைப் போராட்ட வீரர், பின்னாளில் சட்டமன்ற உறுப்பினர். அவருக்குக் ‘கம்பன் அடிப்பொடி’னே பேர் நிலைச்சுது. சிற்பம், கல்வெட்டு எல்லாவற்றிலும் ஆர்வம் உள்ளவர். பிள்ளையார்பட்டிக் கோயிலின் தல வரலாற்றை எழுதியவரும் அவர்தான். பங்குனி மகம், பூரம், உத்திரம் ஆகிய மூன்று நாள் காரைக்குடியில் விழா. நான்காம் நாள் அத்த நட்சத்திரத்தில், சிவகங்கைக்குப் பக்கத்தில் உள்ள நாட்டரசன்கோட்டையில், கம்பர் சமாதி என்று வழங்கும் இடத்தில். கம்பர் தன் காவியத்தை அரங்கேற்றியது ஒரு பங்குனி அத்தத்தில் என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

பண்டிகை நாளில் டி.வி.யில் ஓடும் பட்டிமன்றம் உங்களுக்குத் தெரியும். அந்த மேடை வடிவத்தைப் பொதுமக்கள் ரசிக்கும் ஒன்றாக வளர்த்ததில் கம்பன் விழாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு பாத்திரம் செய்தது சரியா தவறா என்று இரண்டு அணி வாதாடும். படிச்சவர், படிக்காதவர் எல்லாரும் உட்கார்ந்து கேட்பாங்க. இலக்கிய விவாதத்தை ஊர்ப் பொதுச் சொத்தாக்கிய விஷயம் இது.

கவனிச்சுப் பாருங்க. இந்த விழா இத்தனை காலமாக நிற்கக் காரணம் ஒரு தேதி. பங்குனி அத்தம்னா நாட்டரசன்கோட்டைனு ஒரு ஊரே மனசில் எழுதி வெச்சிருக்கு. அழைப்பிதழ் வரலைன்னாலும் வருவாங்க. நோட்டிபிகேஷன் இல்லாத காலத்தில் போட்ட ரிமைண்டர் அது.

அதே ஏப்ரல் 28-ம் தேதி ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் தியேட்டருக்கு வந்தது. 1950-களில் வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடரை, 2023-ல் இருபது வயசுக்காரங்க கையில் எடுக்க சினிமா காரணமாச்சு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. அதனால் பல பதிப்பகங்கள், பல விலைகளில் போடுறாங்க. படம் பார்த்துட்டு ஐந்து பாகத்தையும் வாங்கினவங்க உங்க நண்பர்களிலேயே இருப்பாங்க. அதில் முதல் பாகத்தோடு நின்னவங்களும் இருப்பாங்க. பரவாயில்லை, அலமாரியில் இருக்கும் புத்தகம் காத்திருக்கும்.

ஜூன், ஜூலை: உங்க வயசுக்கான மாதங்கள்

சாகித்ய அகாடமிக்கு மூன்று வேறு வேறு கதவுகள் இருக்கு. முதன்மை விருது டிசம்பரில். குழந்தை இலக்கியத்துக்கு பால புரஸ்கார், 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு யுவ புரஸ்கார். இந்த இரண்டும் 2023-ல் ஜூனில் அறிவிக்கப்பட்டன. அந்த வருஷம் யுவ புரஸ்கார் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த ராம் தங்கத்தின் ‘திருக்கார்த்தியல்’ சிறுகதைத் தொகுப்புக்கு. தமிழ் இலக்கியம் என்றாலே வெள்ளைத் தாடி, ஜிப்பா என்று நினைக்கிறவங்க இந்த ஒரு விருதின் பட்டியலை மட்டும் தொடர்ந்து பின்தொடர்ந்தா போதும். உங்க தலைமுறை என்ன எழுதுதுன்னு வருஷத்துக்கு ஒரு ஜன்னல் திறக்கும்.

ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள். மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. சென்னைக்கு அண்ணா நூற்றாண்டு நூலகம் எப்படியோ, தென் மாவட்டங்களுக்கு இது அப்படி. பிள்ளையார்பட்டியில் காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு நாவலில் ஐம்பது பக்கம் அங்கே உட்கார்ந்து படிச்சிடலாம். ஏ.சி. ஹால், காசு கிடையாது.

‘காசு கிடையாது’ என்பதுகூட முழு உண்மை இல்லை. உங்க வீட்டுச் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகுது. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு அது. பல சிறிய பதிப்பகங்கள் மூச்சு விடுறதே நூலகங்கள் புத்தகம் வாங்கும் ‘நூலக ஆர்டர்’ நம்பித்தான். ஆக, நீங்க ஏற்கெனவே பணம் கட்டின புத்தகங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இருக்கு. எடுத்துட்டு வரப் போகாதது மட்டும்தான் பாக்கி.

டிசம்பர்: இரண்டு விதமான விருது

டிசம்பரில் கோவையில் விஷ்ணுபுரம் விருது விழா. 2023-ல் பெற்றவர் யுவன் சந்திரசேகர். இதை ஒரு வாசகர் வட்டம், வாசகர்கள் தரும் பணத்தில் 2010-ல் இருந்து நடத்துது. ஒரு எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்து, அவர் புத்தகங்களைப் படிச்சுட்டு வந்து, அவர் முன்னாலேயே கேள்வி கேட்பாங்க. படிக்காம போனா அங்கே பேச ஒண்ணும் இருக்காது.

அதே மாதம் சாகித்ய அகாடமி அறிவிப்பு. தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. கொங்கு வட்டாரத்தில் குடிநாவிதர் குடும்பங்களின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல். அரசு அமைப்பு தரும் விருது ஒண்ணு, வாசகர்கள் தரும் விருது ஒண்ணு. இரண்டும் சேர்ந்துதான் ஒரு டிசம்பர்.

சரி, இதையெல்லாம் யார் பத்திரமா வெச்சிருக்கப் போறாங்க?

மார்ச்சில் வெச்சுக்கச் சொன்ன கேள்வி இப்போ வருது. சிவகங்கையைப் பற்றிய நாவல் விருது வாங்கி, சிவகங்கைக்காரங்களே படிக்கலைன்னா என்ன ஆகும்? பெருசா ஒண்ணும் ஆகாது. சத்தமில்லாமல் மறைஞ்சிடும். பதிப்பு தீரும், மறுபதிப்புக்கு ஆள் இருக்காது.

இது கற்பனைப் பயம் இல்லை. தமிழில் நூறு வருஷத்துக்கு முன்னால் வந்த நாவல்கள், நாடகப் பாட்டுப் புத்தகங்கள், சினிமா நோட்டீஸ்கள், இதழ்கள் எத்தனையோ பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கு. அதில் ஒரு பெரும்பகுதி பிழைச்சதுக்குக் காரணம், காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் இருந்த ஒரு மனிதர். பெயர் ரோஜா முத்தையா. தொழில், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பெரிய பணக்காரர் கிடையாது. கண்ணில் பட்ட பழைய புத்தகம், இதழ், துண்டுப் பிரசுரம், அழைப்பிதழ் எல்லாவற்றையும் தேடித் தேடிச் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள்.

1992-ல் அவர் மறைந்தார். சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. கப்பலில் அமெரிக்காவுக்கு எடுத்துட்டுப் போகாமல் தமிழ்நாட்டிலேயே வைத்து, 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்னைக்கு 1920-களில் என்ன நாவல் வந்தது, எந்த நாடகத்துக்கு யார் பாட்டு எழுதினாங்கன்னு ஆராய்ச்சி செய்றவங்க தரமணியில் அந்த நூலகக் கதவைத்தான் தட்டுறாங்க. அன்னைக்கு அந்தப் புத்தகங்கள் எந்த விருதும் வாங்கலை, எந்த டாப் 10-லும் வரலை. ஒருத்தர் எடுத்து வெச்சார், அவ்வளவுதான்.

ஒரு புத்தக வருஷத்தைப் பதிப்பாளரும் நடுவர் குழுவும் தொடங்கி வைக்கலாம். அது நிலைக்கிறது கோட்டையூர் மாதிரி ஒரு ஊரில், ஒருத்தர் அதைத் தன் வேலையா எடுத்துக்கிறதால்தான்.

உங்க வருஷத்தை எப்படிப் போடலாம்?

பெரிய சபதம் எல்லாம் வேண்டாம். போன் காலண்டரில் சில ரிமைண்டர் போதும்.

ஜனவரி: கண்காட்சிக்குப் போனால், எல்லாரும் சொல்ற ஒரு புத்தகம், யாருமே சொல்லாத ஒரு புத்தகம் வாங்குங்க. இரண்டாவதுக்குத்தான் உங்க வார்த்தை தேவை.

பங்குனி: உங்க ஊரில், பக்கத்து ஊரில் நடக்கும் ஒரு இலக்கிய விழாவுக்கு ஒரு நாள் போங்க. செட்டிநாட்டுப் பக்கம்னா கம்பன் விழா.

ஜூன்: யுவ, பால புரஸ்கார் அறிவிப்பு. பெரியவங்களுக்கு ஒண்ணு, வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒண்ணு.

ஜூலை, ஆகஸ்ட்: நெய்வேலி, ஈரோடு புத்தகத் திருவிழாக்கள். ஜனவரியில் விட்டதை இங்கே பிடிக்கலாம்.

டிசம்பர்: டாப் 10 பட்டியல் வந்ததும், ஒவ்வொரு புத்தகத்திலும் ‘முதல் பதிப்பு’ எந்த வருஷம்னு பாருங்க. உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். எது உண்மையில் புதுசு, எது இத்தனை நாள் உங்களுக்காகக் காத்திருந்ததுன்னு தெரிஞ்சிடும்.

இதோடு ஒண்ணே ஒண்ணு. வருஷத்துக்கு ஒரு புத்தகமாவது உங்க மாவட்டத்தைப் பற்றியதா இருக்கட்டும். சிவகங்கைன்னா ‘காலா பாணி’யில் தொடங்கலாம். வேற ஊருன்னா கிளை நூலகத்தில் போய், ‘நம்ம ஊரைப் பத்தி என்ன இருக்கு?’னு நூலகரைக் கேளுங்க. வாங்கின புத்தகத்தின் முதல் பக்கத்தில் உங்க பெயர், வாங்கின ஊர், தேதி மூணையும் பேனாவால் எழுதி வையுங்க. இருபது வருஷம் கழிச்சு அதைக் கையில் எடுக்கிறவருக்கு, இந்த வருஷம் இந்த ஊரில் ஒருத்தர் இதைப் படிச்சார்னு அந்தத் தேதி சொல்லும்.